பதினாலாவது உருண்டை

மகன் பெத்தனைத் தராசுத் தட்டில் உட்கார வைத்துவிட்டு, கையை எடுக்க மனம் வராமல் நின்றாள் கருப்பி.

புளியங்கிளையில் தொங்கும் அந்தத் தராசு திருப்பத்தூர்க் கடலைக்கடையில் இரவல் வாங்கியது. ஒரு தட்டில் பிள்ளை. எதிர்த் தட்டில் குயவர் சேவுகன் பிசைந்து, ஒரே அளவாக உருட்டிய கண்மாய் மண். பிள்ளையின் எடைக்கு எடை மண் கொடுத்து, அந்த மண்ணில் ஐயனாருக்குக் குதிரை செய்து வைப்பது நேர்த்திக்கடன்.

காலனியின் முப்பத்தோரு பிள்ளைகளும் அதற்காகத்தான் தலையில் எண்ணெய் வழிய வந்து காத்திருந்தார்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று. சேவுகன் உருண்டைகளை வைக்கத் தொடங்கினார்.

மூன்று மாதத்துக்கு முன் நர்சம்மா வீரலட்சுமி ஜீப்பில் வந்து இறங்கி, பிள்ளைகளின் எடையைக் குறிக்க வேண்டும் என்றாள். ஏதோ ஆராய்ச்சியாம். அதுவரை எந்த ஆராய்ச்சியும் காலனிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

பையிலிருந்து அவள் எடுத்ததோ கொக்கித் தராசு. கறிக்கடையில் ஆட்டுத்தொடை தொங்குமே, அதே கொக்கி. போதாக்குறைக்கு, பிள்ளையை எடை போட்டால் கண் பட்டுவிடும். தாய்மார் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் ஓடியே போய்விட்டார்கள்.

கருப்பி மட்டும் ஓடவில்லை. அவள் இடுப்பில் இருந்தது ரெண்டு வயதாகியும் எழுந்து நிற்காத பிள்ளை.

அவள்தான் காட்டைப் பார்த்துக் கத்தி, ஐயனாரின் மண் கடனை எல்லோருக்கும் ஞாபகப்படுத்தினாள். சாமி காரியம் என்றதும் கண்ணாவது, படுவதாவது? ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்கள். பிள்ளைகள் இரவல் வாங்கிய கடலைக்கடைத் தராசில் உட்கார்ந்தார்கள். நர்சம்மாவின் கொக்கியில் மண்தான் தொங்கியது. நர்சம்மா அந்த மண்ணின் எடையை நோட்டில் பிள்ளையின் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் கேழ்வரகும் கடலையும் வறுத்து அரைத்த கஞ்சி. மூன்று மாதத்துக்குத்தான் உத்தரவு. எடை ஏறியிருந்தால் கஞ்சி தொடரும். இல்லையென்றால் ஜீப் வேறு ஊர் பார்த்துப் போய்விடும்.

எட்டு, ஒன்பது, பத்து.

போன முறை பெத்தனுக்குப் பதினோரு உருண்டையோடு தராசு நேரானது. பதினொன்று என்ற எண்ணே இந்த மூன்று மாதமாக அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

பதினொன்று.

தட்டு அசையவில்லை. பெத்தன் கனமாகக் கீழேயே இருந்தான்.

பன்னிரண்டு. பதின்மூன்று. இன்னும் கீழேதான் இருந்தான், மகராசன்.

பதினாலாவது உருண்டைக்குத்தான் மேலே வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? தராசுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தட்டிலேயே எழுந்து நின்றான்.

கருப்பி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். பெண்கள் போட்ட குலவையில் புளியமரத்துக் காக்கையெல்லாம் பறந்துவிட்டது.

பிள்ளைகள் வரிசையாக ஏறி இறங்கினார்கள். ஒன்றிரண்டு தவிர எல்லோருக்கும் மண் கூடுதலாகவே பிடித்தது. போன முறை மண்ணில் செய்த குதிரை ஏற்கெனவே கோயிலில் நிற்கிறது. இன்று குவிந்ததைச் சேவுகன் கண்ணாலேயே அளந்தார்.

"இந்தத் தடவை குதிரைக்குப் போக ஒரு குட்டிக்கும் மண்ணு இருக்கு!"

மறுபடியும் குலவை.

வீரலட்சுமி நோட்டோடு கருப்பியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கஞ்சி தொடர்வதில் அவளுக்கு இப்போது சந்தேகமே இல்லை. மதுரைக்கு அனுப்பும் அறிக்கையில் ஒரே ஒரு வரிதான் பாக்கி.

"கருப்பி, பெரிய டாக்டர் கேட்பார். இந்த மண் கடன் உங்க ஊர்ல எத்தனை தலைமுறையா இருக்கு?"

கருப்பி சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் குதிரைக்குட்டிக்குப் பெயர் வைப்பதில் மும்முரமாக இருந்தார்கள். பெத்தனை மடியில் இறுக்கிக்கொண்டு, நர்சம்மாவின் காதருகே குனிந்தாள்.

"மூணு மாசமாத்தேன் இருக்கு நர்சம்மா. எழுதிக்கிருங்க, சத்தமாப் படிச்சிராதீக."