ட்ரையலுக்குப் போன ரீச்சர்

எல்லாரும் சுகமாக இருக்கிறீர்கள்தானே? அப்படியே இருங்கள். போன கிழமை இரத்தினேஸ்வரி ரீச்சர் லைசன்ஸுக்காகக் கார் ஓட்டிக் காட்டப் போன கதையைக் கேளுங்கள்.

ரீச்சரைக் கண்டதும் பரீட்சகர் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார்.

"ரீச்சர், என்னைத் தெரியுதா? இஹ்ஸான். எட்டாம் வகுப்புல உங்கக்கிட்டத்தான் கணக்குப் படிச்சேன்."

வரிசையில் நின்ற ஒரு பிள்ளை பக்கத்திலிருந்தவளின் காதைக் கடித்தாள். "அன்ரிக்குப் பாஸ்தான். ஓட்டிக் காட்டவே தேவையில்லை."

ரீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. போன முறை பெயில். "இந்த முறையும் கோட்டை விட்டீரெண்டா காரை வித்துப்போடுவன்" என்று கணவர் கதிரவேல் காலையில்தான் சொல்லியிருந்தார். கண் ஒப்பரேசனுக்குப் பிறகு அவரால் ஓட்ட ஏலாது. கார் போய்விட்டால், புல்மோட்டையில் இருக்கும் மகளையும் பேரனையும் பார்க்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

கார் புறப்பட்டது. பக்கத்தில் இருந்த இஹ்ஸானின் வாய் ஓயவில்லை.

"நான் இண்டைக்கு ஒரு மனுசனா இருக்கிறதே உங்களாலதான், ரீச்சர்."

"சும்மா போடா. நான் அப்பிடி என்ன செய்தனான்?"

"வாப்பா மௌத்தாகி நாங்க தனிச்சுப்போன வருசம் எல்லாரும் பாவம் பார்த்து எனக்கு மார்க்ஸ் போட்டாங்க. நீங்க மட்டும்தான் மத்தப் புள்ளைகளப் போல என்னையும் பார்த்தீங்க. அதாலதான் படிச்சேன்."

ரீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு சந்தியில் சிக்னல் போட மறந்தார். ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று வீதி நடுவில் நிற்க, அதற்கு ஹோர்ன் அடிக்கப் போய் வைப்பரைப் போட்டார். பின்னுக்கு எடுக்கும்போது கம்பத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம்.

இஹ்ஸான் துறைமுகத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை, கேட்காத மாதிரியே இருக்கிறான் என்று ரீச்சர் நினைத்துக்கொண்டார்.

இறங்கியதும் அவன் குனிந்து ரீச்சரிடம் மெதுவாக என்னவோ சொன்னான். ரீச்சர் அவன் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்போடு கேற்றுக்கு வந்தார்.

அந்தச் சிரிப்பைக் கண்டு, அங்கே காத்துநின்ற கதிரவேல் கையை நீட்டியபடி ஓடிவந்தார். "பாஸ்தானே? பரீட்சகர் உம்மட்டப் படிச்ச பெடியனாமே, இஞ்ச எல்லாரும் கதைக்கினம்."

"பெயில். நான் நல்லாத்தான் படிப்பிச்சிருக்கிறன்."