பழகிய மிதி

மனைவி பூரணி இறந்த பிறகு, சிவநேசன் காரை எடுக்கும்போதெல்லாம் எஞ்சின் விளக்கு எரிந்தது. மெக்கானிக் ஜபருல்லா ஸ்கேனரை மாட்டிப் பிழைக் குறியீட்டை அழிப்பான். தெருமுனை தாண்டுவதற்குள் மறுபடி எரியும்.

“வண்டியில கோளாறு இல்ல சார். இத்தன வருசமா அக்கா ஆக்ஸிலேட்டர மிதிச்ச மிதிக்கு எஞ்சின் பழகிக் கெடக்கு. ஒங்க மிதி அதுக்குப் பிடிபடல. எஞ்சின் கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருக்க பழசத் தொடச்சுட்டா ஒங்களக் கத்துக்கும்.”

“தொடச்சா அவ பழக்கினது?”

“போயிரும்.” அவன் விரல் பொத்தான் மேல் நின்றது.

“வேணாம்ப்பா. நான் அவள மாதிரியே மிதிச்சுப் பாக்கறேன்.”

“நல்லாருக்கே. சரி, அக்கா எப்படி மிதிப்பாங்க? மெதுவாவா, வெடுக்குன்னா?”

சிவநேசன் பதினோரு வருடம் பக்கத்து இருக்கையில் இருந்தவர். பஸ்ஸை முந்தும்போது அவள் முனகுவது காதில் கேட்டது. கால் மட்டும் நினைவுக்கு வரவில்லை. செருப்போடு ஓட்டினாளா, கழற்றிவிட்டா என்பதுகூடத் தெரியவில்லை. ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே குனிந்து பார்த்தார். ஆக்ஸிலரேட்டர் பெடலின் ரப்பர் ஓர் ஓரத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த ஓரத்தில் காலை வைத்தார். எவ்வளவு அழுத்துவது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.