திருப்பி அனுப்பிய பார்சல்

"பேரு சரிதான் அண்ணாச்சி. சுஜிதா, திரேஸ்புரம். ரூவாயும் ஆன்லைன்லயே கட்டியாச்சு, வாங்கிக்கிட்டா மட்டும் போதும்" என்றார் டெலிவரிக்காரர்.

வாசலை மறித்து நின்ற தேவமணிக்குத் தலை கொதித்தது. வட்டமான, கனத்த பார்சல். குக்கரோ, தோசைக்கல்லோ, என்ன எழவோ! இந்த மாதத்தில் இது ஐந்தாவது.

"வேண்டாம். கொண்டுட்டுப் போவும்."

"அக்காட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"இது என் வீடுவே. நான் சொன்னாச் சொன்னதுதான்!" கதவை அறைந்து சாத்தினான்.

முந்தாநாள் நான்காவது பார்சலுக்குத்தான் பெரிய சண்டை. ஆயிரத்து இருநூறு ரூபாய்ச் சேலையை முந்நூறு என்று சொல்லியிருந்தாள் மனைவி சுஜிதா. கிழித்துப் போட்ட பில்லைக் குப்பையிலிருந்து பொறுக்கி ஒட்டிப் பார்த்துவிட்டான் அவன்.

"பொய்க்காரி! இனிமே ஒன்ன எப்படி நம்புவேன்?"

"ஒளிச்சு வைக்கது நான் மட்டுந்தானா? ஒங்க வாயில வாரதெல்லாம் உண்மையோ?" என்று கத்திவிட்டுப் புன்னைக்காயலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அவனுக்கு ஆத்திரம் ஆறவில்லை. கடலடியில் சங்கு பொறுக்குகிறவன் அவன். மூச்சு விடுகிற டியூப் கீறிப்போய், டேப் சுற்றி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறான். அதை மாற்ற வழியில்லை, மகாராணிக்குப் பார்சல் பார்சலாக வருகிறது! டியூப் விஷயத்தை வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று மைத்துனன் ஆன்றோவிடம் சொல்லி வைத்திருந்தான்.

போன் அடித்தது. சுஜிதா. பார்சலுக்கு வக்காலத்து வாங்க வருகிறாளாக்கும் என்று வெட்டிவிட்டான். மூன்றாவது தடவை அடித்ததும் போனையே அணைத்துப் போட்டான்.

மறுநாள் காலை வள்ளம் ஆழத்தில் நங்கூரம் போட்டு நின்றது. டியூபுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை ஓடவிட்டு, மேலே அதைப் பிடிக்க ஆன்றோ உட்கார்ந்தான். சங்கு குளிக்கிறவனுக்கு டியூப் பிடிப்பது மனைவியின் உடன்பிறந்தவன்தான். அக்காள் தாலியை அறுக்க எந்தத் தம்பிக்கும் மனசு வராது.

அக்காளோடு சண்டை போட்ட பிறகும் தம்பி கையை நம்பித்தான் குதிக்க வேண்டியிருக்கிறது என்பது தேவமணிக்கு எரிச்சலாக இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டே வம்புக்கு இழுத்தான்.

"ஏலே, ஒங்கக்கா கொட்டத்த நேத்தோட அடக்கிட்டேன். வந்த பார்சல வந்த வழியே தொரத்திட்டம்லா."

டேப் சுற்றிய இடத்தைத் தடவிக்கொண்டிருந்த ஆன்றோவின் கை அப்படியே நின்றது.

"வட்டமா, கனமா இருந்துச்சா அத்தான்?"

"ஆமா. ஒனக்கு எப்படித் தெரியும்?"

ஆன்றோ கம்ப்ரசரை அணைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நாந்தான் அவகிட்ட சொல்லிட்டேன். அது ஒங்களுக்கு வந்த புது டியூபு அத்தான்."