பாய்க்குள் இரண்டு பேர்

"அண்ணே, எந்திரிச்சுப் பாரு. வந்து உட்கார்ந்துட்டான்!"

தம்பி ரொபாத்தி ஓலைத் தட்டியை விலக்கிக் காட்டினான். அலேகி தூங்கினால்தானே எழுந்திருக்க? மகள் லூபே ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவன் சரியாகக் கண்ணை மூடவில்லை.

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், வாசலுக்கு நேரே கூழாங்கல் முற்றத்தில் ஒரு பாய் கவிந்திருந்தது. அதன் ஓரத்தில் வெள்ளைக்காரக் கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சவாயித் தீவில் இதற்கு விளக்கம் தேவையில்லை. தப்புச் செய்தவன் விடிவதற்குள் வந்து, பாதிக்கப்பட்ட வீட்டின் முன்னால் தலைமேல் பாயைப் போர்த்திக்கொண்டு உட்காருவான். வீட்டுக்காரர் வந்து பாயை எடுத்துவிட்டால் மன்னித்தாயிற்று, பகை தீர்ந்தது. எடுக்காவிட்டால் வெயிலில் வேக வேண்டியதுதான். கல் விழுந்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை.

"ஆஸ்திரேலியாக்காரனுக்கு இதெல்லாம் யாருடா சொல்லிக் குடுத்தா?" என்றான் அலேகி.

"யாரோ சொல்லியிருக்காங்க. சொன்னதோட விடல, கூடவே வந்து உட்கார்ந்தும் இருக்காங்க. நல்லாப் பாரு, பாய்க்குள்ள ரெண்டு பேரு."

சொந்தக்காரர்கள் கூட உட்காருவது வழக்கம்தான். ஆனால் ஆங்கஸுக்கு இந்த ஊரில் ஏது சொந்தம்? பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் சேருவதற்கு முன்னால் ஒரு வருஷம் வெளிநாட்டில் நாலு பேருக்கு உதவலாம் என்று அடிலெய்டிலிருந்து வந்த பையன். போதகர் வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு ஊஞ்சல் கட்டித் தருகிறேன் என்று கிளம்பினான். கட்டிய மறுவாரமே தூண் சாய்ந்து லூபேயின் கால்மேல் விழுந்தது. இனி நொண்டாமல் நடப்பாளா என்று டாக்டர் இன்னும் வாய் திறக்கவில்லை. அலேகியின் மனைவி மலியா ஆஸ்பத்திரியே கதியென்று கிடக்கிறாள்.

"கூட இருக்கறது போதகர் சம்சாரமா இருக்குமோ?"

"அந்தம்மா இந்தப் பாய்க்குள்ள அடங்காதுடா."

ரொபாத்தி சிரிக்கவில்லை. முற்றத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டு வந்தான்.

"பாயை மட்டும் எடுத்துடாதே அண்ணே. ஒழுங்கா ஒரு ஆணி அடிக்கத் தெரியாதவனுக்கு ஊஞ்சல் கட்ற வேலை எதுக்கு? அவன் ஊர்ல இவனை நம்பி ஒரு கோழிக்கூண்டு கட்ட விடுவாங்களா? பழகிப் பார்க்க நம்ம பிள்ளைங்கதான் கெடச்சுதா?"

அலேகி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"குழி முழங்கால் ஆழம்கூட இல்ல. அதுவும் வெறும் மணலு. ஊர்ல பாதி வீட்டுக்குத் தூணு நட்டவன் நீ. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?"

"விடுடா."

"எதை விடச் சொல்றே? நான் கேக்கறது..."

"விடுன்னா விடு!"

அலேகி போட்ட கூச்சலில் கூரைமேல் இருந்த சேவல் இறங்கி ஓடியது.

வெயில் ஏறியது. அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லோரும் பார்க்காதது மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நீட்டிய கால் சிவந்து நடுங்கத் தொடங்கியது. அப்போது பாய்க்குள்ளிருந்து ஒரு கை வந்தது. அந்தக் காலை மெல்லப் பிடித்து உள்ளே இழுத்து, பாயின் ஓரத்தை அதன்மேல் சரித்து மூடியது. தூக்கத்தில் புரளும் பிள்ளைக்குப் போர்த்திவிடுவது போல இருந்தது.

அலேகி தட்டியை முழுவதும் விலக்கினான். பாயின் சிவப்பு இறகு விளிம்பைத் தன் வீட்டிலேயே பார்த்த ஞாபகம். இத்தனை நாளும் அவனை நிமிர்ந்து நிற்க வைத்தது கோபம்தான். அது போய்விட்டால் அப்புறம் என்ன மிஞ்சும் என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் படியிறங்கினான்.

"அண்ணே, வேண்டாம்!"

அலேகி நடந்துபோய்ப் பாயைப் பிடித்துத் தூக்கினான்.

ஆங்கஸின் முகம் அழுது வீங்கியிருந்தது. அவன் பக்கத்தில், தலையைக் குனிந்தபடி, மலியா.

ரொபாத்தியின் கையிலிருந்த கல் தானாக நழுவியது.

"நீயா? லூபேகிட்ட யாரு இருக்கா?" என்றான் அலேகி.

"என் தங்கச்சி இருக்கா."

"உனக்கென்ன பைத்தியமா? உன் மக காலை ஒடச்சவன் கூட வந்து உட்கார்ந்திருக்கே! ஊரு சிரிக்காதா? நீ லூபேயோட அம்மாடி!"

"ஆமா, அம்மாதான்." மலியா நிமிரவில்லை. அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்: "'அந்தத் தூணு நிக்காது, ஆனா விருந்தாளி மனசு நோகுமேன்னு நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்தேன்'னு அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டே சொன்ன மனுஷனுக்குப் பொண்டாட்டியும் நான்தான். கேட்டுட்டு நானும் சும்மாதானே இருந்தேன்?"

அலேகி தன் கையில் இருந்த பாயைப் பார்த்தான். பிறகு அதைத் தன் தலைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தான்.