பொட்டு வைத்த படம்

சுடலைமுத்து அண்ணனா இப்படிச் செய்திருப்பார்? இருக்காது. ஆனால் இருக்காது, இருக்காது என்று எத்தனை பேரைத்தான் நினைத்துக்கொண்டிருப்பது? பால் பொங்கி வருவதைப் பார்த்தபடியே ஜீவிதா மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

வெலிங்டனிலிருந்து தோழி ஃபெபி அனுப்பிய செய்தியால்தான் ஞாயிற்றுக்கிழமைக் காலை கெட்டுப்போனது. குன்னூர்ப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு ரிசார்ட்டின் விளம்பரம் அது. நடுவில் ஜீவிதா எடுத்த படம். பனிமூட்டத்தில் தேயிலைச் செடிகளுக்கு இடையே ஒரு காட்டுமாடு. அதன் கொம்பில், துணிக்கொடியிலிருந்து இழுத்துப்போன சிவப்புத் துண்டு. கீழே பெரிதாக, 'இயற்கை உங்களை வரவேற்கிறது'.

"வரவேற்கறது இயற்கை இல்ல, என்னோட துண்டு!" என்றான் அவள் கணவன் தினகரன். அரவேணு ஸ்டாண்டில் ஜீப் ஓட்டுகிறவன். சவாரி வருகிறவர்களிடம் செல்போனை நீட்டி, "எங்கூட்டுக்காரி எடுத்த படமுங்க" என்று வழியெல்லாம் பெருமையடிப்பான். இன்றைக்கு அவளைவிட அவனுக்குத்தான் கோபம் அதிகம்.

"மூலைல உன் பேரு இருக்கணுமே, எங்க போச்சு பாரு. வெட்டிட்டான். இத்தனை நறுவிசா வெட்டறதுக்கு அச்சாபீஸ்காரனை விட்டா வேற ஆளேது?"

"சுடலைமுத்து அண்ணனைச் சொல்றீங்களா?"

"பின்னே? காலண்டருக்குன்னு படத்தை வாங்கினது அந்த ஆளுதானே!"

கோத்தகிரியில் சின்ன அச்சகம் வைத்திருப்பவர் சுடலைமுத்து. எவளோ பொழுதுபோகாமல் எடுக்கிறாள் என்று ஊர் சிரித்தபோது, அவளுடைய படத்தை முதன்முதலாக அச்சில் ஏற்றியவர் அவர். அடியில் அவள் பெயரையும் போட்டவர்.

ஜீவிதா லேப்டாப்பைத் திறந்து, விளம்பரப் படத்தைப் பெரிதாக்கினாள்.

மூலையில் இருக்கும் பெயர் ஊருக்குத் தெரிந்தது. தெரியாத ஒன்றும் உண்டு. குழந்தைக்கு மைப்பொட்டு வைப்பதுபோல, கண்ணை உறுத்தாமல் கடுகளவில் ஒரு 'ஜீ' என்ற எழுத்தைப் படத்துக்குள் எங்காவது வைத்துவிடுவாள். ஒவ்வொருவருக்கும் அனுப்பும் பிரதியில் அந்தப் பொட்டு ஒவ்வோர் இடத்தில் இருக்கும். சுடலைமுத்துவின் பிரதியில் மாட்டின் குளம்போரம். பள்ளி மலருக்காக கீர்த்தனா டீச்சர் கேட்டு வாங்கியதில் காது மடலுக்குள். யாருக்கு எங்கே என்பது அவளுக்கு மனப்பாடம்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், "அப்போ எங்களை நம்பலையா?" என்று கேட்பார்கள். நம்பாமல் இல்லை. நம்பிக்கொண்டே துளி சந்தேகத்தையும் ஓரமாக வைத்துக்கொள்வது அவள் சுபாவம். அதற்காகச் சில சமயம் அவளே வெட்கப்பட்டதும் உண்டு.

தினகரன் அதற்குள் அவளுடைய செல்போனை எடுத்து மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தான். மலையில் படம் எடுக்கிறவர்கள், அச்சகத்தார், கடைக்காரர்கள் என்று இருநூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு. அதில் போடுவதற்கான செய்தி.

"கேளு. 'என் படத்தைத் திருடி விற்ற சுடலைமுத்துவிடம் இனி யாரும் எதையும் நம்பிக் கொடுக்க வேண்டாம்.' எப்படி? இதைப் போட்டா, இனி ஒரு நோட்டீஸ் வேலைகூட அந்த ஆளுக்குக் கெடைக்காது."

"அந்தக் குடும்பமே அதுலதாங்க பொழைக்குது. எதுக்கும் ரிசார்ட்டுல ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்துட்டா என்ன?"

"அவங்களை எதுக்குக் கேக்கோணும்? அவங்க பாவம், குடுத்ததைப் போட்டிருக்காங்க. வாரத்துக்கு நாலு சவாரி அங்கிருந்துதான் நமக்கு வருது. பெரிய எடத்தைப் பகைச்சுக்கிட்டு மலையில பொழைக்க முடியுமா?"

குளம்பு, காது, கொம்பு, பனி என்று படத்தின் மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்த ஜீவிதாவின் கண் ஓரிடத்தில் நின்றது. இன்னும் பெரிதாக்கினாள். கடுகளவு 'ஜீ'. சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெளிவாக இருந்தது.

கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தாள். முதலில் வந்தது சிரிப்பு. சிரிப்பு வடிந்ததும், பொட்டு வைக்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"என்ன, ஆளு சிக்கிட்டானா?" என்றான் தினகரன்.

"சிக்கியாச்சுங்க."

"நாந்தான் அப்பவே சொன்னேனே! உனக்கு எல்லாரும் அண்ணன்தான்." செல்போனை அவளிடம் நீட்டினான். "இந்தா, உன் கையாலயே அனுப்பு. ஒரே அமுக்கு."

அவள் வாங்கிக்கொண்டாள். செய்தியை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்தாள். பிறகு கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள்.

"ஏம்புள்ள, என்ன பண்றே?"

"இதை நான் அனுப்பமாட்டேனுங்க."

"திருட்டுப் பயலுக்கு எதுக்கு இத்தனை எரக்கம்?"

எல்லா எழுத்தும் போய், திரை வெறுமையானது. ஜீவிதா லேப்டாப்பை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"இது உங்க போனுக்கு நான் அனுப்புன படமுங்க."