பொட்டு வைக்காத கணினி

ஆயுத பூஜையன்று முதலாளி அச்சகத்தின் விண்டோஸ் கணினிகள் மூன்றுக்கும் பொட்டு வைத்தார். மூலையில், அங்கே வேலை பார்க்கும் தமயந்தி விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு வைத்திருந்த நான்காவதை மட்டும் மறந்துபோனார். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுபடி கடை திறந்த அன்று ஒருவர் மகளின் கல்யாணப் பத்திரிகையைப் பென்டிரைவில் கொண்டுவந்தார். செருகியதுமே முதல் கணினி படுத்தது. முதலாளி சளைக்காமல் அடுத்ததிலும் அதற்கடுத்ததிலும் செருகி மூன்றையும் படுக்கவைத்தார். பெண்ணின் அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. தமயந்தி தன் கணினியில் செருகினாள். பத்திரிகை சமர்த்தாகத் திறந்தது. பக்கத்திலேயே, மற்ற மூன்றுக்கென்றே எழுதப்பட்ட வைரஸ், பாஷை தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவன்போல் திருதிருவென விழித்தது. குங்குமச் சிமிழோடு ஓடிவந்தார் முதலாளி. "வெச்ச மூணும் படுத்துக் கெடக்கு சார், இது இப்படியே இருக்கட்டும்" என்று சிரித்தபடி திரையை மறைத்துக்கொண்டாள் தமயந்தி. அந்தரத்தில் நின்ற விரலை அவர் தன் நெற்றிக்கே கொண்டுபோனார்.