எல்லைக்கல் நின்ற இடம்

ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், வெளிக்கரையின் ஓரமாக ஓர் எல்லைக்கல் நின்றது. அதன் காலடியில் வளை தோண்டி ஒரு நண்டு குடியிருந்தது.

"அய்யா, தண்ணி அடிமண்ணை அரிச்சுக்கிட்டே வருது. என் வளையில பாதி போயிருச்சு" என்றது நண்டு.

"அதெப்படி வரும்? நிலம் எதுவரைக்கும், ஆறு எதுவரைக்கும்னு காட்டத்தான் என்னை நட்டு வச்சிருக்காங்க. என்னைத் தாண்ட அதுக்கு அதிகாரம் கிடையாது" என்றது கல்.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. கரை அப்படியே சரிந்தது. கல் குட்டிக்கரணம் போட்டபடி உருண்டு போயிற்று. நண்டு ஒரு தென்னை மட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே மிதந்தது.

மூன்று வளைவு தாண்டி, வேகம் குறைந்த ஓர் உள்வளைவில், ஆறு அள்ளி வந்த மண்ணையெல்லாம் இறக்கிப் போட்டது. கல்லையும் போட்டது.

தை மாதம் தண்ணீர் வடிந்தபோது, புது மணல்மேட்டில் கல் தலைகீழாகக் குத்திட்டு நின்றது. நண்டு தட்டுத்தடுமாறி அதனிடம் வந்து சேர்ந்தது.

"பார்த்தியா?" என்றது கல். "ஆறு முப்பதடி பின்வாங்கிருச்சு. நான் நின்ன இடத்துலயே நிக்கிறேன்."

நண்டு சுற்றிலும் பார்த்தது. பழைய கரையின் அடையாளம் ஒன்றுகூட இல்லை.

"ஆமாங்கய்யா" என்றது.

"அடுத்தது கடல்தான். அதுக்கும் ஓர் எல்லை சொல்லியாகணும்."

"அவசரப்படாதீங்கய்யா. அடுத்த வெள்ளத்துல நேர்லயே போய்ச் சொல்லிடலாம்."